அந்தப் பச்சை மஞ்சள் வயர் எங்கே போனது?

தீபாவளிக்கு இன்னும் 12 நாள் இருந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் 60 போத்தல்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தோம். நெய் பிஸ்கட், கடலை பிஸ்கட், அன்னாசி டார்ட் என்று அம்மா வழக்கம்போல் ஆர்டர் எடுத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுத் தீபாவளித் துணிமணி. என்னுடைய அடுத்த தவணைக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதில்தான் வர வேண்டும்.

பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பழைய பெட்ஷீட் போர்த்திப் பத்து மாதமாகக் கிடந்த ஓவனை நானும் தம்பியும் தூக்கி வந்து மேடையில் வைத்தோம். அம்மா சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார். வீடு முழுவதும் இருண்டது.

மெயின் பெட்டியில் விழுந்திருந்த சுவிட்சை அப்பா மேலே தள்ளினார். விளக்கு வந்தது. ஓவனைப் போட்டோம். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறையும் அதே கதைதான். "வருஷா வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு" என்று அம்மா கலங்கிப்போனார்.

அப்பா வேலைக்குக் கிளம்பிய பிறகு பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். மோட்டார் சைக்கிள், மின்விசிறி, தண்ணீர் பம்பு என்று எதையும் பழுது பார்க்கத் தயங்காதவர். பிளக்கைத் திறந்தார், ஏதோ செய்தார், மூடினார். ஐந்து நிமிட வேலைதான். "இப்பப் போடுங்கக்கா" என்றார். ஓவன் எரிந்தது. மெயின் விழவில்லை. முதல் தட்டு நெய் பிஸ்கட்டில் ஒரு போத்தல் அவருக்குப் போனது.

மூன்றாம் நாள் மாலை. அம்மா சமையலறைத் தரையைத் துடைத்து முடித்த ஈரம் காயவில்லை. வெறுங்காலோடு நின்று ஓவனுக்குள்ளிருந்து தட்டை எடுக்கும்போது அவருடைய புறங்கை ஓவனின் பக்கவாட்டுத் தகட்டில் பட்டது. "ஐயோ!" என்ற சத்தமும் தட்டு விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப் போனேன். சூடு பட்டுவிட்டது என்று நினைத்துக் கையைப் பார்த்தேன். காயமே இல்லை.

"சுடல. யாரோ கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்த மாதிரி இருந்துச்சு" என்றார் அம்மா.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அம்மா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓவனை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் இல்ல" என்றார். நான்கு தட்டு பிஸ்கட் அதற்குப் பிறகும் சுட்டோம். நான் பக்கத்தில் நின்று போத்தலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலுக்கு 'ஏ' வாங்கியவள் நான். இப்போது ஷா ஆலமில் டிப்ளோமா படிக்கிறேன். மின்னோட்டம், மின்தடை, ஓம் விதி எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு மேடைமேல் இருந்த கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

இரவு வேலை முடிந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டதும் ஓவன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் தம் பழைய நண்பரை அழைத்தார். முறையாகச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் அவர். எங்களுக்கு அங்கிள்.

பிளக்கில் காலியாக இருந்த இடம்

அங்கிள் ஓவனைத் தொடவே இல்லை. முதலில் பிளக்கைத்தான் திறந்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் ஃபியூசோடு சேர்ந்த பழுப்பு வயர். இடது பக்கம் நீல வயர். மேலே இருக்கும் நீளமான முள்ளில் ஒன்றுமே இல்லை. அங்கே இருக்க வேண்டிய பச்சை மஞ்சள் வயரை நறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, மடக்கி உள்ளே திணித்திருந்தார்கள்.

"இத யாரும்மா எடுத்தது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மெயின் விழுறத நிறுத்திட்டாங்க. ஆனா மெயின் எதுக்கு விழுந்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றார் அங்கிள்.

பிறகு ஓவனின் மின்காப்பைச் சோதிக்கும் கருவியை எடுத்தார். வயர்மேன்கள் அதை 'மெகர்' என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஓவனில், கரண்டு ஓடும் பகுதிக்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் ஒரு மெகா ஓமுக்கு மேல், அதாவது 10 லட்சம் ஓமுக்கு மேல் தடை இருக்க வேண்டும். எங்கள் ஓவனில் அது ஏறக்குறைய 8,000 ஓம்தான் காட்டியது.

பத்து மாதம் சும்மா கிடந்த ஓவனுக்கு என்ன ஆனது?

ஓவனுக்குள் கம்பி போல வளைந்து கிடக்கும் சூடேற்றி வெறும் கம்பி இல்லை. அது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவில் நிக்கல், குரோமியம் கலந்த மெல்லிய சுருள் கம்பி ஓடுகிறது. கரண்டு பாய்வது அந்தச் சுருளில்தான். சுருளும் குழாயும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கமாக அடைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும் அருமையான பொருள் அது.

அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ஈரம் ஏறிய தூள் மின்சாரத்தைத் தடுக்கும் திறனை இழக்கும். குழாயின் இரு முனைகளிலும் இருக்கும் அடைப்பு விரிசல் விட்டாலோ, குழாய் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்தாலோ ஈரம் உள்ளே போக வழி கிடைத்துவிடும். எங்கள் ஓவனில் இரண்டும் நடந்திருந்தன. மலேசிய வெக்கையிலும் மழையிலும், துவைக்கும் இயந்திரத்தின் ஈரத்துக்குப் பக்கத்தில், பத்து மாதம். வேறென்ன வேண்டும்?

தினமும் ஓடும் ஓவன் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் மட்டும் தூசி தட்டி எடுக்கும் ஓவனைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும் என்றார் அங்கிள்.

கொமுட்டர் ரயில் கணக்கு

மெயின் பெட்டியில் விழுந்த சுவிட்சின் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்று சொல்வதும் இதைப் போன்ற ஒரு காவலனைத்தான். அது என்ன செய்கிறது என்று கேட்டேன். அங்கிள் சொன்ன உதாரணம் இது.

கிள்ளானில் கொமுட்டர் ரயிலில் ஆள் ஏறுகிறார்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறார்கள். நடுவில் எங்கும் ரயில் நிற்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியவர்களும் இறங்கியவர்களும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், நடுவழியில் யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று பொருள். உடனே ரயிலை நிறுத்த வேண்டும்.

ஆர்.சி.சி.பி. செய்வது இந்தக் கணக்கைத்தான். பழுப்பு வயரில் போகும் கரண்டும் நீல வயரில் திரும்பும் கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்க்கிறது. வித்தியாசம் எல்லையைத் தாண்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. எங்கள் வீட்டில் அந்த எல்லை 30 மில்லி ஆம்பியர்.

இப்போது ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டை 8,000 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 29 மில்லி ஆம்பியர். ஓவனின் தகட்டிலிருந்து பச்சை மஞ்சள் வயர் வழியாக அவ்வளவு கரண்டு தரைக்குக் கசிந்துகொண்டிருந்தது. 30 என்று எழுதியிருக்கும் ஆர்.சி.சி.பி., தரக் கட்டுப்பாட்டின்படி 15க்கு மேல் 30க்குள் எங்கேயாவது விழலாம். எங்களுடையது விழுந்தது. மூன்று முறை. அது செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்தது. நாங்கள்தான் அதைத் தொல்லை என்று நினைத்தோம்.

பச்சை மஞ்சள் வயரை நறுக்கியதும் என்ன நடந்தது? கசிவு நிற்கவில்லை. கசிந்த கரண்டு தரைக்குப் போக வழிதான் இல்லாமல் போனது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாகிவிட்டன. ஆர்.சி.சி.பி. அமைதியானது. ஓவனின் தகடு முழுவதும் மின்னழுத்தம் ஏறி, தரைக்குப் போக யாராவது வழி விடுவார்களா என்று காத்திருந்தது.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற அம்மா அந்த வழியானார்.

அம்மாவின் உடலும் ஈரத் தரையும் சேர்ந்து 6,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 14,000 ஓம். 230ஐ அதால் வகுத்தால் 16 மில்லி ஆம்பியர். 30ஐ எட்டவில்லை. ஆர்.சி.சி.பி. விழவும் இல்லை.

கையை விட முடியாத கரண்டு

16 மில்லி ஆம்பியர் என்றால் 0.016 ஆம்பியர். கேட்கக் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சியல் என்பவர், மனித உடல் எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்பதைத் தன்னார்வலர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். கரண்டு பாயும் உலோகத்தைப் பிடித்திருப்பவர் எந்த அளவு வரை தானாகக் கையை விட முடியும் என்பது அவருடைய முக்கியக் கேள்வி. விடை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல் தசைகள் இறுகிக்கொள்ளும். மூளை 'விடு' என்று கத்தினாலும் கை விடாது. கரண்டு இன்னும் கூடி, சில விநாடிகள் நீடித்தால் இதயத் துடிப்பே தடம் மாறிவிடலாம். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் டால்சியல் 1961இல், மனித உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமான மின்கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். நம் வீட்டு ஆர்.சி.சி.பி.யும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

"அம்மா பொழைச்சது எப்படித் தெரியுமா?" என்று கேட்டார் அங்கிள். "புறங்கைல பட்டுச்சு. தசை சுருங்குனப்ப கை தன்னால வெளிய வந்துருச்சு. உள்ளங்கையால புடிச்சிருந்தா அதே சுருக்கம் ஓவனை இறுக்கிப் புடிச்சிருக்கும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செருப்புப் போட்டதும் ஒன்றும் தெரியாமல் போனது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ரப்பர் செருப்பு கரண்டு போகும் வழியை அடைத்தது. ஓவனைச் சரி செய்யவில்லை. தகட்டில் மின்னழுத்தம் அப்படியே இருந்தது. அம்மா ஒரு கையால் ஓவனைத் தொட்டபடி மறு கையால் சாமான் கழுவும் தொட்டியின் எஃகு விளிம்பையோ குழாயையோ பிடித்திருந்தால், செருப்பு காலிலேயே இருந்திருக்கும். கரண்டு நெஞ்சைக் கடந்து போயிருக்கும்.

இன்னொரு கணக்கையும் மாணவர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஓவன் 2,000 வாட். 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். அம்மாவின் கையை இழுத்தது 0.016 ஆம்பியர். ஓவன் வழக்கமாக எடுப்பதில் 500இல் ஒரு பங்குகூட இல்லை. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூசுக்கு அது தெரியவே தெரியாது. ஃபியூசும், மெயின் பெட்டியில் வரிசையாக நிற்கும் சின்ன எம்.சி.பி. சுவிட்சுகளும் வயரைக் காப்பாற்றத்தான். மனிதனைக் காப்பாற்றுவது எர்த் வயரும் ஆர்.சி.சி.பி.யும். இரண்டும் ஜோடி. ஒன்றை எடுத்தால் மற்றது பாதிக் குருடு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிஸ்கட் டின்

சூடேற்றியை மாற்றுவதற்காக ஓவனைக் காரில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் நானும் அங்கிள் கடைக்குப் போனோம். துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி, பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது கடை.

இந்த வட்டாரத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்ததே செங்கல் சூளைகளால்தான். 1881இல் கோலாலம்பூரைப் பெருந்தீ தாக்கியது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊர் அழிந்தது. அதற்குப் பிறகு செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியது. அதற்கான செங்கல் இங்கே சுடப்பட்டது. ஊர் எரிந்த பிறகு வந்த விதி அது. மின்சாரத்திலும் பெரும்பாலான விதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கும்.

கடையில் அங்கிள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே பிஸ்கட் இல்லை. கருகிய பிளக்குகள், உருகிய சாக்கெட்டுகள், வெடித்த வயர்த் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

முதலாவது, ஒரு முள் மட்டும் கருகிய பிளக். சாக்கெட்டில் தளர்வாக உட்கார்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் மின்தடை அரை ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியர் பாயும்போது அங்கே உண்டாகும் வெப்பம் 8.7ஐ 8.7ஆல் பெருக்கி, 0.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 38 வாட். ஒரு சால்டரிங் அயனின் சூடு. அதை ஒரு மணி நேரம் பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்ததற்குச் சமம். பிஸ்கட் சுட்டு முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, நீட்டிப்பு வயர். யாரோ ஓவனையும் 2,200 வாட் கெட்டிலையும் ஒரே நீட்டிப்பில் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 4,200 வாட். அதாவது 18 ஆம்பியருக்கு மேல். 13 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உடனே உருகாது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மலிவான மெல்லிய வயர் உருகத் தொடங்கிவிடும். சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியின்றி இன்னும் சீக்கிரம் உருகும். ஓவனைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகத்தான் செருக வேண்டும்.

மூன்றாவது, உள்ளே வெடித்துப் போன ஒரு வயர். ஓவனுக்குள் ஓடும் வயர் அதிக வெப்பம் தாங்கும் தனி ரகம். யாரோ அதற்குப் பதிலாக விளக்குக்குப் போடும் சாதாரண பி.வி.சி. வயரைப் போட்டிருக்கிறார்கள். அது வழக்கமாக 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். ஓவனுக்குள் 180.

நான்காவது, இரண்டு வட்ட முள் கொண்ட பிளக். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாக வாங்கிய ஓவன். அந்த வகைப் பிளக்குக்கு எர்த் இணைப்பு பக்கவாட்டில் இருக்கும். நம் சாக்கெட்டில் அதற்கு இடமே இல்லை.

"அப்புறம் எப்படிச் செருகுனாங்க?" என்றேன்.

அங்கிள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் ஆட்டிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். பல வீடுகளில் பார்த்ததுதான். நானே விடுதியில் செய்திருக்கிறேன். சாக்கெட்டின் மேல் துளையில் பேனா நுனியை விட்டால் கீழே உள்ள இரண்டு துளைகளும் திறக்கும். இரண்டு முள் பிளக் உள்ளே போய்விடும்.

நாம் பயன்படுத்தும் மூன்று முள் பிளக்கின் தரம் 1947இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. மேல் முள் மட்டும் நீளமாக இருப்பது சும்மா இல்லை. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். அந்த நீள முள் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் கதவு திறக்கும். குழந்தைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவும்தான் அந்த ஏற்பாடு. பேனாவை விடும்போது நாம் ஏமாற்றுவது இந்த இரண்டு பாதுகாப்பையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும், 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளும் இருக்கின்றன. அவற்றைக் கவனிப்பது சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம். கையால் தொட்டுப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று கசிவுக் காவலுக்கு விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. சில பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றே ஒன்று இருப்பதை அங்கிள் பார்த்திருக்கிறார். 100 என்பது தீயைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

வாங்கும் மின்சாதனத்தில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த முத்திரை இருந்தால், சாதனம் நம் நாட்டு மின்னழுத்தத்துக்கும் நம் பிளக்குக்கும் ஏற்றதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இணையத்தில் 40 ரிங்கிட் மிச்சம் பிடிக்கும்போது இதைத்தான் நாம் விட்டுக்கொடுக்கிறோம்.

வீட்டில் நீங்கள் செய்யக் கூடியவை

ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் காவல்காரர் தூங்குகிறார். வயர்மேனை அழையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.யைத்தான் சோதிக்கும். எர்த் வயர் இருக்கிறதா என்பதைச் சோதிக்காது.

மெயின் விழுந்தால், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை மேலே தள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சாதனமாகச் செருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கோளாறு பெரும்பாலும் அதில்தான். அதை ஓரமாக எடுத்து வைத்து, 'பழுது' என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். எதைப் போட்டாலும் விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில் இருக்கலாம். அதை நீங்கள் தொடாதீர்கள்.

ஓவனைத் தொடும்போது லேசாகக் கூச்சம் தெரிந்தாலும், மின்னல் போலச் சுண்டினாலும் அது பிரமை இல்லை. அப்போதே நிறுத்துங்கள். ஓவனுக்குப் பின்னாலும் பக்கத்திலும் இடைவெளி விடுங்கள். வயர் சூடான தகட்டில் படக் கூடாது. துடைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். எலியும் கரப்பானும் நுழையாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

ஓவனுக்குள் தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவர் சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு 999ஐ அழையுங்கள்.

பழுது பார்ப்பவர் உங்களிடம் சாதனத்தைத் திருப்பித் தரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "எர்த் இருக்கிறதா?" அந்த ஒரு கேள்வியைக் கேட்க எஸ்.பி.எம். இயற்பியல்கூடத் தேவையில்லை.

60 போத்தல்

சூடேற்றியை மாற்றி, பச்சை மஞ்சள் வயரை அதன் இடத்தில் பூட்டி, அங்கிள் மறுபடியும் மெகரை வைத்தார். இந்த முறை எண் மெகா ஓமில் ஏறியது. இரண்டு நாள் வேலை போனது. கூடுதலாக விழித்து 60 போத்தலையும் முடித்தோம். தரை காயும் வரை யாரும் சமையலறைக்குள் போகக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். சண்டை போடவில்லை. காகிதத்தில் 8,000, 6,000, 230 என்று எழுதிக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எர்த்தாலதான் விழுதுன்னு நெனச்சேன்மா. அதக் கழட்டுனா சரியாயிரும்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனார். அவர் வீட்டு ரைஸ் குக்கர், கெட்டில், அயன் பெட்டி ஆகியவற்றின் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. இரண்டில் மேல் முள் காலியாக இருந்ததாம். அதே வாரம் அங்கிளை வரவழைத்துச் சரி செய்துகொண்டார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எங்கள் வீட்டில் அந்த 'T' பொத்தானை அழுத்துவது என் வேலை. வீடு ஒரு நொடி இருளும். "ஏய், நாடகம் பாத்துக்கிட்டு இருக்கேன்!" என்று அம்மா கூடத்திலிருந்து கத்துவார். நான் சுவிட்சை மேலே தள்ளுவேன். விளக்கு வரும். அம்மா குரல் கேட்கிறதே என்று மனதுக்குள் நிம்மதியாக இருக்கும்.